ராக்கெட் படத்தை மட்டும் பார்த்து ஏரோ எடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து கவுன்சலிங் பேச்சு ஆரம்பித்துவிட்டால் எல்லாப் பத்திரிகைகளின் கல்விப் பக்கத்திலும் நெருப்பைக் கக்கிக்கொண்டு ஏறுகிற ராக்கெட் படம் ஒன்று வந்துவிடும். உங்கள் இதழிலும் வந்தது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக்காரர் ஒருவர் மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "சார், நீங்க ஏரோதானே படிச்சீங்க? பாப்பாவும் அதுதான் வேணுங்கறா. கட் ஆஃப் 178 வருது. சேத்துடலாமா?" என்று கேட்டார். காபி ஆறிப் போகிற அளவுக்கு இரண்டு மணி நேரம் பேசினோம். அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நீளம் என்று தோன்றினால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் 2003ல் கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. ஏரோநாட்டிகல் முடித்தவன். ஓசூரில் வீடு, பெங்களூரில் வேலை, இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஸ்ட்ரெஸ் இன்ஜினியர் என்று பெயர். மன அழுத்தம் சம்பந்தப்பட்டது இல்லை (அதுவும் உண்டு, அது வேறு கதை). விமானத்தின் உடம்பில் எந்த இடத்தில் எவ்வளவு விசை விழுகிறது, அந்த இடம் தாங்குமா, தாங்கினால் எத்தனை தடவை தாங்கும் என்று கணக்குப் போடுகிற வேலை.

அப்பா முதலில் கேட்டது, "இதைப் படிச்சா ஃப்ளைட் ஓட்டலாமா?" நான் படித்த காலத்தில் எங்கள் ஆயாவும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்ட முடியாது. பைலட் ஆவது முழுக்க வேறு பாதை. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இருந்தால் போதும், டிகிரி கட்டாயம் இல்லை. முதல் வகுப்பு மருத்துவத் தகுதி வாங்கி, விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளை எழுதி, 200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் லைசென்ஸ் எடுக்க வேண்டும். செலவைக் கேட்டால் மயக்கம் வரும். நான்கு வருடம் ஏரோ படித்த பிறகும் பைலட் ஆக வேண்டுமென்றால் இதே வரிசையில்தான் போய் நிற்க வேண்டும். கலாம் அவர்களே ஏரோநாட்டிக்ஸ் படித்துவிட்டு விமானப்படையில் பைலட் ஆக டேராடூன் போய், எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து திரும்பியவர்தானே.

அடுத்த கேள்வி, "ஏ.எம்.இ.னு ஒரு நோட்டீஸ் குடுத்தாங்க, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?" இந்தக் கேள்வியைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன், ஏனென்றால் என் நண்பனின் வீட்டில் இரண்டையும் ஒன்று என்று நம்பி ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிவிட்டு, பாதியில்தான் பி.இ. பட்டம் வராது என்று தெரிந்துகொண்டார்கள். ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ் இன்ஜினியரிங் என்பது பராமரிப்புத் தொழில். டிஜிசிஏ அங்கீகாரம் உள்ள நிலையத்தில் படித்து, தேர்வுகள் முடித்து, அனுபவம் காட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். இன்ஜின், உடற்பகுதி சம்பந்தப்பட்டது பி1, எலக்ட்ரானிக்ஸ் சம்பந்தப்பட்டது பி2. லைசென்ஸ் கையில் இருக்கிறவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். ராத்திரி ஷிப்ட், மழை, ஹேங்கர், கிரீஸ் எல்லாம் இருக்கும், மரியாதையான வேலை. ஆனால் அது டிசைன் இல்லை. அதேபோல, பி.இ. ஏரோ படித்த என்னால் அந்தக் கையெழுத்தைப் போட முடியாது. பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே தவிர வேலை வேறு. நோட்டீஸைப் படிக்கிறவர்கள் பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒரே ஒரு வரியைத் தேடிப் பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்வி அந்தப் பெண்ணே கேட்டது: "அங்கிள், கண்ணாடி போட்டிருக்கேன், பரவால்லையா?" பரவாயில்லை அம்மா. எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் சோடாபுட்டி கண்ணாடி.

அப்புறம் ஷோகேஸில் இருந்து ஓர் அலுமினிய ரிவெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஒரு வேர்க்கடலை அளவுதான் இருக்கும். "இதுதான் என் பிழைப்பு" என்றேன், சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. ஒரு பயணிகள் விமானத்தில் இதைப் போல லட்சக்கணக்கில் இருக்கும். 4 மில்லிமீட்டர் ரிவெட் என்றால் துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரைக்கும் குறைந்தது 8 மில்லிமீட்டர் வேண்டும், விட்டத்தைப் போல இரண்டு மடங்கு என்பது தொழிலில் எல்லோரும் பிடித்துக்கொள்கிற கணக்கு. தொழிற்சாலையில் டிரில் கொஞ்சம் நழுவி அது 7 ஆகிவிட்டது என்று வையுங்கள், உடனே எங்களுக்கு ஒரு காகிதம் வரும். அந்தப் பாகத்தைத் தூக்கி எறிவதா, அப்படியே விடலாமா, பக்கத்தில் ஒரு ஒட்டுத் தகடு வைத்துச் சமாளிக்கலாமா என்று கணக்குப் போட்டு, அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கன்செஷன் என்று சொல்வோம். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் நான் செய்தது இதை மட்டும்தான். முழு விமானத்தையே வரையப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனவனுக்கு ஓரம் தள்ளிப் போன துளைகள்தான் கிடைத்தன.

ஆனால் அந்தத் துளை சில்லறை விஷயம் இல்லை. உலகத்தின் முதல் ஜெட் பயணிகள் விமானம் பிரிட்டனின் காமெட், 1952ல் ஓடத் தொடங்கியது. 1954 ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என இரண்டு விமானங்கள் இத்தாலிப் பக்கத்துக் கடல் மேல் பறக்கும்போதே சிதறின. காரணம் தெரியாமல், கடைசியில் ஒரு காமெட்டின் உடலை அப்படியே பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்குவதைப் போலவே திரும்பத் திரும்ப அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். அது ஏற்கனவே பறந்ததையும் சேர்த்துச் சுமார் 3,000 தடவை ஆனபோது ஜன்னல் மூலைப் பக்கமாக உடல் கிழிந்தது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் பட்டென்று உடைகிறதே, அதேதான். வெட்டு விட்ட மூலைகளிலும் ரிவெட் துளைகளின் விளிம்பிலும் விசை குவிகிறது, விரிசல் அங்கேதான் பிறக்கிறது. இன்றைக்கும் நாங்கள் ஒவ்வொரு துளையையும் முறைத்துப் பார்ப்பது அதனால்தான்.

இதைச் சொல்லி முடித்தபோது அந்தப் பெண் ரிவெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் ஏரோ படிக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பரீட்சை இதுதான். ராக்கெட் ஏறுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஒரு துளை ஏன் உடைந்தது என்று கேட்டு ராத்திரி தூக்கம் போகிறதா என்று பாருங்கள்.

சரி, இஸ்ரோவுக்கு வருவோம், ஏனென்றால் பத்துப் பேர் ஏரோ கேட்டால் அதில் பெரும்பாலோர் மனதில் இருப்பது இஸ்ரோதான், அங்கேதான் பெரிய குழப்பமும் இருக்கிறது. இஸ்ரோவின் விஞ்ஞானி பதவிக்கு வருகிற பொது அறிவிப்புகள் பெரும்பாலும் மூன்று பிரிவுகளுக்குத்தான்: எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ். பட்டத்தில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். ஏரோநாட்டிகல் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லாததைப் பார்த்துவிட்டு, ஃபைனல் இயரில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து புலம்பிய கூட்டத்தில் நானும் ஒருவன். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையம் போன்ற இடங்கள் ஏரோஸ்பேஸில் எம்.டெக். முடித்தவர்களைத் தனியாகக் கேட்பதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பி.இ.யோடு நுழைய விரும்புகிறவர்களுக்கு அகலமான வாசல் மற்ற மூன்றும்தான்.

நம்ப முடியவில்லை என்றால் நமக்குத் தெரிந்த முகங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 23ல் நிலவில் இறங்கிய சந்திரயான் 3ன் திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல், மெக்கானிக்கல் டிப்ளமாவில் தொடங்கி, மெக்கானிக்கலில் பி.இ. படித்து, பிறகு திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. என்று போனவர். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1ன் திட்ட இயக்குநர் செங்கோட்டை நிகர் ஷாஜி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ். சந்திரயான் 1ன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரையும் எலக்ட்ரானிக்ஸ்தான், கோவை ஜி.சி.டி. 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான நாராயணன் நாகர்கோவில் பக்கத்து கிராமத்துக்காரர், அவரும் மெக்கானிக்கல் டிப்ளமாவில் ஆரம்பித்து, பிறகு காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் எம்.டெக்., அங்கேயே ஏரோஸ்பேஸில் பி.எச்டி. முடித்தவர். 2018 முதல் 2022 வரை தலைவராக இருந்த சிவன் மட்டும்தான் இந்த வரிசையில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அசல் ஏரோநாட்டிகல். டிப்ளமாவைக் கேவலமாகப் பார்க்கிற பெற்றோர்கள் இந்தப் பத்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளட்டும். இன்னொன்று, மகேந்திரகிரியில் இஸ்ரோவின் இன்ஜின் சோதனை நிலையம் இருக்கிறதே, அங்கே ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர், வெல்டருக்கும் டெக்னீஷியன் வேலைக்கு அறிவிப்பு வரும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பிள்ளைகள் அதையும் ஒரு கண் பார்த்து வைக்கலாம்.

அப்படியானால் யார்தான் ஏரோவில் சேரலாம்? ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் நல்ல ரேங்க் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். சென்னை, பம்பாய், கான்பூர், காரக்பூர் ஐ.ஐ.டி.கள் இருக்கின்றன, திருவனந்தபுரத்தில் விண்வெளிப் படிப்புகளுக்கென்றே 2007ல் தொடங்கிய ஐ.ஐ.எஸ்.டி. இருக்கிறது. ஐ.ஐ.எஸ்.டி.யில் மதிப்பெண் தகுதியும் காலியிடமும் ஒத்துவந்தால் இஸ்ரோவுக்கு நேராகவே போகலாம். டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்) வழியில் என்றால் 1949ல் இருந்து இந்தப் படிப்பை நடத்தும் எம்.ஐ.டி. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். 178க்கு எம்.ஐ.டி. கிடைப்பது கஷ்டம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அந்த கட் ஆஃபுக்கு என் யோசனை, நல்ல கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கலோ இ.சி.இ.யோ எடுங்கள், அங்கே சின்ன விமானம் செய்து போட்டிக்குப் போகிற குழு இருந்தால் முதல் வருடத்திலேயே ஒட்டிக்கொள்ளுங்கள், கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக்.கில் ஏரோஸ்பேஸ் வாருங்கள். பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யில் 1942ல் இருந்து இந்தத் துறை இருக்கிறது. கதவு இரண்டு வருடம் தள்ளித் திறக்கும், அவ்வளவுதான். நடுவில் மனசு மாறினாலும் மெக்கானிக்கல் கைவிடாது.

இல்லை, எனக்கு இப்போதே ஏரோதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகளும் உண்டு, நானும் அப்படித்தான் இருந்தேன். அவர்களுக்கு ஒன்றுதான், கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள். வரவேற்பறையில் வைத்திருக்கும் மாதிரி விமானத்தை அல்ல, லேப்பை. விண்ட் டன்னல் (மாதிரி விமானத்தின் மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கிற கருவி) இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஓடுகிறதா என்று கேளுங்கள். எங்கள் கல்லூரியில் இருந்தது, நீல நிறத் துணி போர்த்தி, பூட்டிய அறையில். ஆய்வுக்குழு வருகிற அன்று துணியை எடுப்பார்கள். நான்கு வருடத்தில் அதற்குள் காற்று ஓடி நான் பார்த்தது ஒரே தடவைதான், அதிலும் பத்து நிமிடத்தில் ஃபியூஸ் போய்விட்டது. ரெக்கார்டு நோட்டில் முன்வருட சீனியர் எழுதிய ரீடிங்கைப் பார்த்து எல்லோரும் எழுதினோம், வாங்கியதென்னவோ நூற்றுக்குத் தொண்ணூற்று ஐந்து. பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் பேசுவதைவிட வாசலில் டீக்கடையில் நிற்கிற ஃபைனல் இயர் பையனிடம் பேசுங்கள். "உங்க சீனியர் எல்லாம் இப்ப எங்க இருக்காங்க?" என்ற ஒரு கேள்வி போதும். பாதிப் பேர் ஐ.டி. என்று சொன்னால் தப்பில்லை. ஐ.டி.க்குப் போவதற்கு இந்தப் படிப்பு எதற்கு என்று யோசிக்க ஒரு காரணம் கிடைக்கும்.

படிப்பு கஷ்டமா என்று கேட்கிறார்கள். கணக்கு பிடிக்காதவர்களுக்குக் கஷ்டம்தான், வேறு சமாதானம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விமானம் என்ற பெயர் வருவதற்கு முன்னால் வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், பொருள்களின் வலிமை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அவைதான் பின்னால் சோறு போடும். நல்ல செய்தி, இன்றைக்குப் பாடம் சொல்ல ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் முழுக்க இலவசம். இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தைக் கொடுத்தால் எவ்வளவு தூக்கும் என்று கணக்கிட எக்ஸ்ஃபாயில், காற்றோட்டத்தைக் கணக்கிட ஓப்பன்ஃபோம், இரண்டுக்கும் பத்துப் பைசா வேண்டாம், சாதாரண லேப்டாப் போதும். எங்கள் டீமுக்கு இன்டர்வியூ எடுக்கும்போது நான் பார்ப்பது கேட்டியா (CATIA), ஆன்சிஸ் போன்ற டிசைன் சாப்ட்வேர்களின் சர்டிபிகேட்டை அல்ல. அந்த கோர்ஸ்களுக்கு ஐம்பதாயிரம் கட்டிவிட்டு வருகிறார்கள், கம்ப்யூட்டரில் சிவப்பும் பச்சையுமாக அழகான படம் காட்டுகிறார்கள், "இந்தச் சிவப்பு சரின்னு எப்படித் தெரியும், ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டுங்க" என்றால் பேனாவைத் திறக்கவே யோசிக்கிறார்கள். ஒரு முனையைச் சுவரில் பதித்து மறு முனையில் எடை தொங்கவிட்ட கம்பி எவ்வளவு வளையும் என்று கையால் போட்டுக் காட்டுகிற பிள்ளையை நான் உடனே எடுத்துக்கொள்வேன். பைத்தானும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது.

வெளிநாட்டுக் கனவு இருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை ஏஜென்சிக்காரர்கள் சொல்லமாட்டார்கள். அமெரிக்காவில் ஏரோஸ்பேஸில் எம்.எஸ். சேர்த்துக்கொள்வார்கள், பீஸ் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ராக்கெட், ராணுவ விமானம் சம்பந்தப்பட்ட தொழில்நுட்பத்துக்கு அங்கே ஐடார் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் அந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும் என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள். என் ஜூனியர் ஒருவன் கடன் வாங்கிப் போய்ப் படித்து முடித்துவிட்டு, இப்போது ஒரு கார் பாகம் செய்யும் கம்பெனியில் இருக்கிறான். ஐரோப்பா இந்த விஷயத்தில் கொஞ்சம் இலகு, நெதர்லாந்தின் டெல்ஃப்ட், பிரான்சின் துலூஸ் எல்லாம் பேர் பெற்ற இடங்கள். அங்கேயும் ராணுவம் என்றால் கதவு சாத்தித்தான் இருக்கும்.

உள்ளூரில் வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் பெங்களூருக்கு மூட்டை கட்டத் தயாராக இருங்கள். விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல்., விமான ஆராய்ச்சிக்கூடமான என்.ஏ.எல்., தேஜஸ் போர் விமானத்தை வடிவமைத்த ஏ.டி.ஏ., இன்ஜின் ஆராய்ச்சி செய்யும் ஜி.டி.ஆர்.இ. எல்லாம் அங்கேதான், ஏர்பஸ், போயிங் போன்றவர்களின் டிசைன் அலுவலகங்களும் அங்கேதான். போயிங்குக்குச் சென்னையிலும் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழில் மேலே போனால் கீழேயும் வரும். 2020ல் உலகம் முழுக்க விமானங்கள் தரையில் நின்றபோது எங்கள் புராஜெக்ட்டும் நின்றது, ஏழு மாதம் பெஞ்சில் உட்கார்ந்தேன், என் டீமில் பதினான்கு பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர் மிஞ்சினோம். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் அதுதான் நிலைமை. ஹோம் லோன் இருக்கிறவனுக்கு அந்த ஏழு மாதம் எப்படிப் போகும் என்பதைக் கல்விப் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை.

குலசேகரப்பட்டினத்தைப் பற்றியும் அப்பா கேட்டார், "அங்க ராக்கெட் தளம் வருதே சார், லோக்கல்லயே வேலை கிடைக்குமே?" 2024 பிப்ரவரி 28ல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள், நல்ல விஷயம்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவச் சுற்றுப்பாதைக்கு (பூமியை வடக்கு தெற்காகச் சுற்றும் பாதை) ஏவும்போது நேரே தெற்கே போனால் இலங்கை மேலே போக வேண்டும், அதைத் தவிர்க்க ராக்கெட் வளைந்து திரும்ப வேண்டியிருக்கிறது, அதற்கு எரிபொருள் வீண். பெரிய ராக்கெட் தாங்கும், எஸ்.எஸ்.எல்.வி. மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு அது சுமக்கிற எடையில் கை வைக்கிற விஷயம். குலசையிலிருந்து நேரே தெற்கே கடல்தான். ஆனால் ஏவுதளம் என்பது ராக்கெட்டை வடிவமைக்கிற இடம் இல்லை. அங்கே சிவில், எலக்ட்ரிக்கல், குழாய், வால்வு, பாதுகாப்பு வேலைகள்தான் அதிகம். டிசைன் ஆசை இருக்கிறவர்கள் தனியார் கம்பெனிகளைப் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த அக்னிகுல், ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த இன்ஜினை வைத்து 2024 மே 30ல் ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்தத் தளத்திலிருந்தே ஒரு சோதனை ராக்கெட்டை ஏவியது. அதற்கு முன் அந்த முயற்சியைச் சில தடவை கடைசி நேரத்தில் நிறுத்திவைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் சேருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது.

அந்தப் பெண் என்ன முடிவு செய்தாள் என்று கேட்பீர்கள். இன்னும் செய்யவில்லை. சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால் இரண்டு கல்லூரிகளுக்கு நேரில் போகிறேன் என்றாள், போனாள். நேற்று சாயங்காலம் மெசேஜ் வந்தது: "அங்கிள், விண்ட் டன்னல ஓட்டிக் காட்டச் சொன்னேன். சாவி யார்கிட்ட இருக்குன்னு தேடிட்டிருக்காங்க."

ரிவெட்டை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை.

இப்படிக்கு,
விமானத் துறைப் பொறியாளர் ஒருவர்,
ஓசூர்